சைக்கிள் வாங்க எடுத்துக்கொண்ட இரண்டு வருடம்

மச்சானுடைய காரின் இடது பக்கக் கண்ணாடி கறுப்பு டேப்பால் சுற்றப்பட்டிருந்தது. கதவோடு சேரும் அதன் கழுத்து இரண்டு முறை உடைந்து, இரண்டு முறையும் மச்சானே உட்கார்ந்து கட்டுப் போட்டிருந்தார். கட்டு அவ்வளவு நேர்த்தி. என் மனைவி அரசாங்க ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டு நர்ஸ். அவளே அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்க வார்டுல டாக்டருங்ககூட இப்படிக் கட்ட மாட்டாங்கண்ணே" என்றாள். மச்சான் சிரித்தார். நானும் சிரித்தேன். எதில் மோதி உடைந்தது என்று அவள் கேட்கவில்லை. அதற்காக அன்று நான் உள்ளூர நன்றி சொன்னது நினைவிருக்கிறது.

மச்சான் என்பது என் மனைவியின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாதவர். தங்கையைப் படிக்கவைத்து, நர்ஸாக்கி, எனக்குக் கட்டிக் கொடுத்துவிட்டு, பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாமில் பெற்றோர் விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்தார். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசர். என் தொழிற்சாலை அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. எனக்குக் கல்யாணமான இரண்டாவது வாரம், ஜெலுத்தோங் பஸ் நிறுத்தத்தில் சாப்பாட்டுப் பையோடு நின்றுகொண்டிருந்தபோது அவர் கார் வந்து நின்றது. "என்ன மாப்பிள்ளை, எங்க வீட்டு மாப்பிள்ளை பஸ்ல தொங்கிக்கிட்டுப் போறதா? ஊரு சிரிக்கும்லா. ஏறுங்க" என்றார். ஏறினேன். இறங்கப் பதினெட்டு வருடம் ஆயிற்று.

எனக்குக் கார் லைசென்ஸ் கிடையாது. இந்த நாட்டில் ஐம்பதை நெருங்கும் ஆண் ஒருவன் இதைச் சொன்னால் யாரும் கோபப்படுவதில்லை, கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பார்கள். நான்கு முறை பரீட்சைக்குப் போனேன். மேட்டில் காரை நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுத்துக்கொண்டு மேலே போக வேண்டும். நான்கு முறையும் என் கார் பூமியின் ஈர்ப்பு விசைக்குக் கட்டுப்பட்டது. நான்காவது முறை, மேட்டின் அடியில் நின்றிருந்த அதிகாரி துள்ளி விலகிக்கொண்டு, நான் இறங்கியதும் அனுதாபத்தோடு என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். தொழிற்சாலையில் ஆவணக் கட்டுப்பாடு என்றேன். ஒரு எந்திரத்தை எப்படி இயக்க வேண்டும் என்று எழுதியிருக்கும் தாள்களுக்குத் திருத்த எண் போட்டு அடுக்கிவைக்கிற வேலை. எந்திரத்தைத் தொட வேண்டியதில்லை. "அதையே செய்" என்றார். மோட்டர் சைக்கிள் ஓட்டலாம் என்றால் மனைவி சம்மதிக்கவில்லை. காலையில் மோட்டரில் கிளம்பிய பிள்ளைகள் மாலையில் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருப்பதைப் பார்த்துப் பார்த்து, அவளுக்கு மோட்டர் மேலேயே நம்பிக்கை போய்விட்டிருந்தது.

ஆகவே நான் மச்சானின் இடது பக்கத்து ஆள் ஆனேன். காலை ஆறே காலுக்கு அவர் கார் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே வந்து நிற்கும். ஹார்ன் அடிக்க மாட்டார். ஹார்ன் அடித்தால் மாப்பிள்ளையை அதட்டிக் கூப்பிட்டதுபோல் ஆகிவிடும் என்று என்ஜினை மட்டும் ஒருமுறை உறுமவைப்பார். "நல்லாத் தூங்கினீங்களா மாப்பிள்ளை?" "தூங்கினேன் மச்சான். நீங்க?" "ஏதோ." பதினெட்டு வருடமாக இதுதான் எங்கள் காலை வழிபாடு. குளிர்காற்று வரும் துவாரத்தை முழுக்க என் பக்கம் திருப்பிவைத்திருப்பார். மாப்பிள்ளைக்கு வேர்க்கக் கூடாது. பாயான் லெப்பாஸ் போய்ச் சேர்வதற்குள் என் மூக்கு அடைத்து, காது விறைத்து, குளிர்பெட்டியில் வைத்த மீனாகி இறங்குவேன். வேண்டாம் என்று சொல்லலாமே என்பீர்கள். பெண் கொடுத்த வீட்டு மூத்த மகன் அன்பாகத் திருப்பிவைத்த துவாரத்தை மூடுகிற தைரியம் எனக்கு இல்லை. அவரும் குளிரில் நடுங்கிக்கொண்டுதான் ஓட்டினார் என்பது பிற்பாடு தெரிந்தது.

கடலோர நெடுஞ்சாலையில் பாலத்துக்கு ஏறும் சந்திப்பை நெருங்கும்போது எல்லாம் நின்றுவிடும். பக்கத்துத் தொழிற்சாலை பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டித் தூங்கும் பெண்களின் முகங்களை நான் சொந்தக்காரர்களைப்போல அறிவேன். இடது கைப் பக்கம் கடல். அதற்கும் எங்களுக்கும் நடுவே மோட்டர்கள் தண்ணீர் வழிவதுபோல இடைவெளி விடாமல் வழிந்துகொண்டிருக்கும். பழந்தமிழ்ப் பாட்டுகளில் தலைவன் தேர்ப்பாகனைப் பார்த்து, வேகமாக ஓட்டு, வீட்டில் அவள் காத்திருக்கிறாள் என்பான். எனக்கும் ஒரு பாகன் இருந்தார். அவரை வேகமாக ஓட்டச் சொல்ல முன்னாலிருந்த சிமென்ட் லாரி விடவில்லை. வீட்டில் காத்திருப்பவளோ அந்தப் பாகனின் தங்கை. எந்தப் பக்கம் திரும்பினாலும் மச்சான்தான்.

ஒரு நாள் அந்த நெரிசலில் உட்கார்ந்திருந்தபோது கடலோரச் சைக்கிள் பாதையில் ஒரு மனிதர் எங்களைக் கடந்து போனார். என் வயது இருக்கும். என் வயிறும் இருந்தது. பின்னால் கேரியரில் ஒரு பை, சட்டை காற்றில் உப்பியிருந்தது. கொஞ்ச தூரம் நகர்ந்து அவரை முந்தினோம். நின்றோம். அவர் மறுபடி முந்தினார். மூன்றாவது முறை முந்தும்போது எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்ததாக எனக்குத் தோன்றியது. பார்த்திருக்க மாட்டார். ஆனால் அந்தக் கணத்தில் என் வாழ்க்கையில் முதல்முறையாக, லைசென்ஸ் கேட்காத, மேட்டில் உருண்டாலும் யாரையும் கொல்லாத, யாருக்கும் நன்றி சொல்ல வேண்டாத ஒரு வண்டி இருக்கிறது என்று உறைத்தது. அன்று மாலையே மச்சானிடம், "சைக்கிள் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன் மச்சான்" என்றேன். அவர் சாலையைப் பார்த்தபடி, "நல்லதுதான்" என்றார். குரலில் வருத்தம் இருந்ததாக நினைத்தேன்.

அதே வாரத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. மச்சான் இடது தடத்துக்கு மாறச் சக்கரத்தைத் திருப்பினார். என் ஜன்னலுக்கு ஒரு முழம் தள்ளி, தொழிற்சாலைச் சீருடையில் ஒரு பெண் மோட்டரில் வந்துகொண்டிருந்தாள். தலைக்கவசத்தில் ஒட்டியிருந்த பூனைப் படம்வரை எனக்குத் தெரிந்தது. "மோட்டர்!" என்று கத்தினேன். மச்சான் பிரேக்கை மிதித்தார். அந்தப் பெண் எதுவும் தெரியாமல் போய்விட்டாள். "பாத்தேன் மாப்பிள்ளை, பாத்தேன்" என்றார் மச்சான். அவர் பார்க்கவில்லை. மறுநாள் அதே இடத்தில் தடம் மாறும் முன் அவர் ஒரு நொடி தாமதித்தார். நான், "காலியா இருக்கு" என்றேன். மாறினார். அதற்கடுத்த நாளும் தாமதித்தார். அவர் எனக்காகக் காத்திருக்கிறார் என்று அப்போது புரிந்தது.

அதன் பிறகு இருவரும் ஒரு பாஷையை உருவாக்கிக்கொண்டோம். நான் ஊர்க்கதை பேசுவதுபோல, "அடடா, எத்தனை மோட்டர் பாருங்க" என்பேன். அவர் நேராகவே போவார். "ரோடு இன்னிக்கு வெறிச்சோடிக் கிடக்கு" என்பேன், அவர் மாறுவார். காப்பிக் கடையில் கண்ணாடிக் கோப்பையை அவரது இடது கைப் பக்கம் வைத்தால் அது கீழே விழும். ஆகவே பேச்சோடு பேச்சாக வலது பக்கம் நகர்த்திவைப்பேன். இடது பக்கத்திலிருந்து யாராவது கை நீட்டினால் அவர் கவனிக்காமல் நிற்பார். "மச்சான், உங்க பழைய மேனேஜர்" என்று நான் அறிவிப்பேன். இதெல்லாம் என்ன என்று நாங்கள் ஒரு முறைகூடப் பேசவில்லை. எங்கள் வீட்டு வழக்கத்தில் மாப்பிள்ளை மச்சானைப் பார்த்து, உங்களுக்குக் கண் தெரியவில்லை என்று சொல்வதற்கு வாக்கியமே கிடையாது. மனைவியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அன்று மாலையே கார்ச் சாவி அவள் கைப்பைக்குள் போயிருக்கும். மச்சானுக்கு ஓய்வுபெற நான்கு வருடம் பாக்கி. ஸ்டோரில் பாரம் தூக்கும் வண்டிகளுக்கு நடுவே நிற்கிறவரைக் கண் தெரியாது என்று தெரிந்தபின் யார் வைத்துக்கொள்வார்கள்? சொல்லாமல் இருந்தால், அவர் யாரையாவது ஏற்றிவிடுவார். நான் சைக்கிளில் போய்விட்டால், நிச்சயமாக ஏற்றிவிடுவார். ஆயர் ஈத்தாமிலிருந்து எங்கள் வீடுவரை அவர் தனியாக ஓட்டிவரும் தூரத்தை நினைத்துப் பார்க்காமலிருக்கப் பழகிக்கொண்டேன். ஆக, ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல், ஆறே காலுக்கு என்ஜின் உறுமியதும் கீழே போய்க் கதவைத் திறந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் சைக்கிள் தேடுவதில் எனக்கு அசாத்தியமான ஈடுபாடு வந்தது.

ஜார்ஜ் டவுனில் ஒரு சந்துக்குள் இருந்த கடைக்குப் போனேன். கடை முதலாளி, எங்கள் ஊர் வழக்கில் தவுக்கே, வயதான சீனர். மலாய், ஆங்கிலம், ஹொக்கியன் மூன்றையும் போட்டுக் கிளறிய பினாங்கு பாஷையில் பேசினார். எங்கே ஓட்டப்போகிறாய் என்றார். வேலைக்கு, தினமும் பாயான் லெப்பாஸ் என்றேன். ஞாயிற்றுக்கிழமை? பாலிக் புலாவ் மலையேறி அந்தப் பக்கம் இறங்கலாம், முடிந்தால் ஃபெரியில் ஏற்றிக்கொண்டு அக்கரை போய், சிம்பாங் அம்பாட்டில் ஒரு இரவு தங்கி வரலாம் என்றேன். சிம்பாங் அம்பாட்டில் எனக்கு யாரும் இல்லை. யாரும் இல்லாத ஊராக வேண்டியிருந்தது. பந்தயம் உண்டா என்று கேட்டவர், என் வயிற்றைப் பார்த்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"உனக்கு மூணே விஷயம்" என்று விரலை மடக்கினார். "ஒண்ணு, முப்பத்திரண்டு மில்லி டயர் போக இடம் இருக்கணும். ரோட்டுலயும் போகும், பள்ளத்துலயும் போகும். ரெண்டு, மட்கார்டு மாட்ட ஓட்டை. நம்ம மழைக்கு அது இல்லேன்னா முதுகெல்லாம் சேறு. மூணு, பின்னாடி கேரியர் மாட்ட ஓட்டை. முதுகுல பை மாட்டினா ஆபீஸ் போறதுக்குள்ள சட்டையப் பிழியலாம். மிச்சமெல்லாம் விளம்பரம்." பத்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார். அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்துச் சரி என்று இன்று அதே சைக்கிளை ஓட்டுகிறவன் என்ற முறையில் சான்றளிக்கிறேன். அன்று அது எனக்குப் போதவில்லை. கணினியில் ஒரு அட்டவணை தொடங்கினேன்.

சட்டம் இரும்பா அலுமினியமா? இரும்பு அதிர்வைத் தாங்கும், ஆனால் கடற்காற்றில் துருப்பிடிக்கும். அலுமினியம் இலேசு, ஆனால் முதுகெலும்புக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். பிரேக் சக்கர விளிம்பைப் பிடிப்பதா, நடுவில் தட்டைப் பிடிப்பதா? மழையில் தட்டுத்தான் நம்பகம், ஆனால் பராமரிப்பு? கைப்பிடி ஆட்டுக்கொம்புபோல் வளைந்ததா, நேரானதா? வளைந்ததில் நாலு விதமாகப் பிடிக்கலாம், நீண்ட தூரத்துக்குக் கை மரக்காது. ஆனால் குனிந்தால் வயிறு தொடையோடு பேச்சுவார்த்தை நடத்துகிறது. பாலிக் புலாவ் ஏற்றத்துக்கு எத்தனை பல் கியர்? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பத்தி, ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒரு வரிசை. என் தொழில் பழக்கப்படி அட்டவணைக்குத் திருத்த எண் போட்டேன். முதல் திருத்தத்திலேயே விடை வந்துவிட்டது. வந்துவிட்டதைக் கண்டு பயந்து இன்னொரு பத்தி சேர்த்தேன். பதினேழாம் திருத்தம்வரை போனது. தரமான சைக்கிள் கிடைக்காதவரை நான் யாரையும் விட்டுப் போகவில்லை, யாரையும் காட்டிக்கொடுக்கவும் இல்லை. தேர்வு நடந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

மச்சான் அதில் காட்டிய அக்கறைதான் எனக்குத் தாங்கவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் கேட்பார். "சைக்கிள் முடிவாச்சா மாப்பிள்ளை?" "இன்னும் இல்ல மச்சான். டயர்ல ஒரு சந்தேகம்." "போன மாசமும் டயர்தானே?" "போன மாசம் அகலம். இது அழுத்தம்." "சட்டுனு பாருங்கலா. வயசாகிக்கிட்டே போகுது." நான் இதை இடித்துக்காட்டுவதாக எடுத்துக்கொண்டேன். என்னை விட்டு ஓடப்பார்க்கிறாயா என்று கேட்கிறார் என்று நினைத்துக் குன்றிப்போவேன். அதற்குப் பரிகாரமாக அன்று முழுக்க மோட்டர்களைக் கூடுதல் சிரத்தையோடு அறிவிப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வாங்க, இன்னிக்கு முடிச்சிருவோம்" என்று அவரே என்னைக் கடைக்கு இழுத்துப் போனார். வாசலில் ஏழெட்டுச் சைக்கிள்களை வரிசையாகச் சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். மச்சான் இடது தோளால் முதல் சைக்கிளில் மோதினார். அது இரண்டாவதன் மேல் சாய, அது மூன்றாவதன் மேல் சாய, கடைசிச் சைக்கிள் விழும்வரை நாங்கள் மூவரும் அசையாமல் நின்று பார்த்தோம். மச்சான் பதறிப்போய் ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தபோது, தவுக்கே என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் மலாயில், "உன் மச்சானுக்குக் கண் சரியில்லை. என் அண்ணனும் இப்படித்தான் ஆரம்பிச்சான். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ" என்றார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீங்க சைக்கிளை ரொம்ப நெருக்கமா நிறுத்தியிருக்கீங்க" என்றேன். தவுக்கே என்னைப் பார்த்த பார்வை அட்டவணையில் எந்தப் பத்தியிலும் அடங்காதது. அன்றும் சைக்கிள் வாங்கவில்லை. விழுந்ததில் ஒன்றை வாங்குவது ராசியில்லை என்று மச்சானிடம் சொன்னேன். எனக்கு ராசியில் நம்பிக்கை கிடையாது.

சனிக்கிழமைகளில் நாங்கள் இருவரும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் நாசி கண்டார் சோறு சாப்பிடப் போவது வழக்கம். ஒரு சனிக்கிழமை காலையில் தவுக்கே எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். சாம்பல் பச்சை நிறம், இரும்புச் சட்டம், முப்பத்திரண்டு மில்லி டயர், மட்கார்டு ஓட்டை, கேரியர் ஓட்டை. உன் அளவு ஒன்று வந்திருக்கிறது என்று ஒரு வரி. நான் படத்தைப் பெரிதாக்கிப் பின் சக்கரத்தின் அச்சுப் பக்கம் ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கார் சாலையோரமாக ஊர்ந்துகொண்டிருந்தது. மச்சான் இடது பக்கம் ஒதுங்கும் முன் ஒரு நொடி தாமதித்திருக்க வேண்டும். நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லாததைக் காலி என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ.

வெங்காய மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒரு பாய் தள்ளுவண்டியைத் தள்ளி வந்தார். சத்தம் பெரிதாக இல்லை. வண்டி சாய்ந்து, மூட்டை வாய் பிரிந்து, வெங்காயம் உருண்டு கடை வாசல்களுக்குள் போனது. பாய் தரையில் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் கைலி கிழிந்து தோல் உரிந்திருந்தது. வேறு அடி இல்லை. எழுந்ததும் அவருக்குக் குரல் வந்தது. "என்னாண்ணே இது? கல்யாண ஊர்வலம் மாதிரி வந்துக்கிட்டு இருக்கேன். நான் வண்டிக்கு லைட்டு மாட்டி மேளம் அடிக்கணுமா? கண்ணை வீட்டுல வெச்சிட்டு வந்தீங்களா?" கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நான் வாயைத் திறந்தேன். வண்டி திடீரென்று வந்துவிட்டது என்று சொல்லத்தான். மச்சான் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "மன்னிச்சிருங்க பாய். எனக்குத் தெரியல" என்றார். இரண்டு வருடத்தில் அந்தக் காரில் வந்தவர்களில் ஒருவர் சொன்ன முதல் உண்மை அதுதான். பாய்க்கு அதற்குமேல் திட்ட வரவில்லை. குனிந்து வெங்காயம் பொறுக்கினோம். மச்சான் வலது பக்கத்து வெங்காயங்களை மட்டும் பொறுக்கினார்.

திரும்பும் வழி முழுக்க நான் ஒவ்வொரு மோட்டரையும், ஒவ்வொரு நாயையும் சொல்லிக்கொண்டே வந்தேன். ஜெலுத்தோங் வந்ததும் மச்சான் என்ஜினை அணைத்தார். "மாப்பிள்ளை, அந்தச் சைக்கிள வாங்கிருங்க" என்றார். பிற்பகல் பஸ் பிடித்துப் போய், சாம்பல் பச்சைச் சைக்கிளை அட்டவணையைத் திறந்துகூடப் பார்க்காமல் வாங்கினேன். தவுக்கே இருக்கையை என் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்து, மணியை ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு வருஷமா இது மாதிரி நாலு இங்கேயே நின்னுச்சு" என்றார்.

மறுநாள் காலை அதை ஓட்டிக்கொண்டு ஆயர் ஈத்தாம் போனேன். பேச வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். நான் போய்விடுகிறேன், ஆனால் நீங்கள் இனி ஓட்டக் கூடாது. இதை மரியாதைக் குறைவில்லாமல் சொல்ல எத்தனையோ விதமாக முயன்றும் ஒன்றும் உருப்படவில்லை. மச்சான் கேட்டருகே நின்றிருந்தார். சைக்கிளைக் கையால் தடவிப் பார்த்தார். கைப்பிடி, சட்டம், டயர். தலையை மெல்லத் திருப்பித் திருப்பி, ஒரு துண்டு ஒரு துண்டாகப் பார்த்தார். "நல்ல வண்டி. தினமும் இதுலயே போவீங்களா? மழை பெய்ஞ்சாலும்?" "மட்கார்டு இருக்கு மச்சான்." "வழியில பஞ்சராச்சுன்னா?" "ஒட்டிக்குவேன்." "இனிமே உங்களுக்கு என் கார் வேண்டாமா?" வேண்டாம் என்றேன்.

"அப்பாடா" என்றார் மச்சான். நீளமான அப்பாடா அது. சட்டைப் பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "இத உங்க வீட்டுல குடுத்துருங்க. ரெண்டு வருஷமா எனக்கு இந்தப் பக்கம் தெரியல மாப்பிள்ளை. நான் நிறுத்திட்டா நீங்க எப்படி வேலைக்குப் போவீங்க? லைசென்சும் இல்ல. அதான் நீங்க சைக்கிள் வாங்குற வரைக்கும் எப்படியாவது ஓட்டிருவோம்னு இருந்தேன்." "எனக்குத் தெரியும் மச்சான்" என்றேன். "நீங்க மோட்டர் மோட்டர்னு சொல்லும்போதே எனக்கும் தெரியும்" என்றார். "நான் போயிட்டா நீங்க தனியா ஓட்டுவீங்களேன்னுதான் வாங்காம இருந்தேன்" என்று நான் சொன்னதும், அவர் முதலில் சிரித்தார். பிறகு நிறுத்திக்கொண்டார். இரண்டு பெரிய மனிதர்கள், ஒருவரை ஒருவர் இறக்கிவிடப் பயந்து, இரண்டு வருடம் ஒரே காரில் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறோம். இத்தோடு கதை முடிந்திருந்தால் இதைவிட நல்ல நகைச்சுவை கிடையாது.

மனைவி அடுத்த நாளே அவரைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனாள். நானும் போனேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும் நோய். வலிக்காது. ஓரங்களில் தொடங்கி உள்ளே வரும். இடது கண் ஏறத்தாழ முடிந்துவிட்டது, வலது கண் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல. டாக்டர் சின்ன வயதுப் பெண், மிகவும் மென்மையாகப் பேசினார். சொட்டு மருந்து போட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம், போனது வராது, இரண்டு வருடம் முன்னால் வந்திருந்தால் நிறையவே காப்பாற்றியிருக்கலாம் என்றார். இரண்டு வருடம் என்று அவர் சொன்னது தற்செயல்தான். எனக்குத் தாங்க முடியாமல் போயிற்று. கண் தெரியாமல் கார் ஓட்டுவதைப் பற்றியே நாங்கள் இருவரும் கவலைப்பட்டோம். கண்ணைப் பற்றி இருவருமே கவலைப்படவில்லை. தவுக்கே சொன்னார். நான் சைக்கிள் நெருக்கத்தைக் குறை சொன்னேன்.

வெளியே தாழ்வாரத்தில் மனைவி என் பக்கம் திரும்பினாள். வார்டில் நோயாளியின் வீட்டாரிடம் கேட்கிற குரலில் கேட்டாள். "ரெண்டு வருஷம் பக்கத்துலயே உக்காந்து போனீங்க. உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா?" தெரியும் என்று சொல்ல எனக்கு ஒரு நொடி இருந்தது. மச்சான் இருக்கையில் உட்கார்ந்தபடி, நாங்கள் நிற்கும் திசைக்குக் கொஞ்சம் தள்ளி முகத்தை வைத்துக்கொண்டு, என்னை முந்திக்கொண்டார். "அவருக்கு எப்படிம்மா தெரியும்? போனுக்குள்ள தலைய விட்டுக்கிட்டுச் சைக்கிள் படம் பாத்துக்கிட்டு இருந்தாரு. நானே காட்டிக்கல." மனைவி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. அது போதுமானதாக இருந்தது.

இது நடந்து மூன்று வருடம். மச்சான் முன்கூட்டியே ஓய்வு பெற்று எங்களோடு ஜெலுத்தோங்கில் இருக்கிறார். நான் தினமும் சைக்கிளில் போகிறேன். அருமையான வண்டி, யாருக்கும் தயங்காமல் சொல்வேன். வேலைக்கும் ஆகும், ஊர் சுற்றவும் ஆகும். மழையில் நிற்கிறது, ஏற்றத்தில் மூச்சு வாங்கினாலும் ஏறுகிறது. பாலிக் புலாவ் நாலைந்து முறை போய்விட்டேன். கடலோரப் பாதையில் போகும்போது பக்கத்துச் சாலையில் கார்கள் நின்றுகொண்டிருக்கின்றன. எனக்குக் காற்று வருகிறது. ஆனாலும் மாலையில் வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கிறது. அங்கே ஒரு குடும்பக் கதை எனக்காகக் காத்திருக்கிறது.

விருந்தாளிகள் வந்தால் மச்சான் அந்தக் கதையைச் சொல்வார். மச்சானுக்குக் கண் போனதுகூடத் தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்து டயரை எண்ணிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் கதை. நடிப்போடு சொல்வார். ஒவ்வொரு முறையும் என்னை இன்னும் கொஞ்சம் அசடாக்குவார். என் அசட்டுத்தனம் கூடக் கூட, யாரும் என்னிடம் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்க என்னை நானே கிண்டல் செய்து பிழைத்தவன் நான். இப்போது எனக்காக அந்தத் தொழிலை இன்னொருவர் ஏற்று நடத்துகிறார். நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் ஏன் என்று சொல்ல வேண்டும்.

போன தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் புதிதாக ஒன்று சேர்த்தார். ஒருமுறை காரைத் தவறான தெருவுக்குள் விட்டுவிட்டாராம். அரைமணி நேரம் கழித்து மாப்பிள்ளை தலையைத் தூக்கி, மச்சான், பாயான் லெப்பாஸ் வந்தாச்சா என்று கேட்டாராம். அப்படி எதுவும் நடக்கவில்லை. கூடம் அதிர்ந்தது. ஒருவருக்குப் புரையேறியது. நானும் சிரித்தேன், பழகிவிட்டது. மனைவி பலகாரத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, என் பக்கம் பார்க்காமல், தட்டை மச்சானின் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தாள்.

"எங்க வீட்டுக்காரர் அவ்வளவு அசடு இல்லண்ணே" என்றாள்.

கல்யாணமாகி இருபத்தோரு வருடத்தில், நாலு பேர் முன்னால் அவள் என்னைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை.